‘படகு வரும்’ என்று எழுதியவள் நான்

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதப் பெருமழையில் நடந்தது இது. திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் வாடகை வீட்டுச் சமையல் மேடை மேல் லேப்டாப்பை வைத்து, நின்றுகொண்டே ஒரு சின்ன இணையதளம் செய்தேன். வீட்டில் அந்த மூலையில் மட்டும்தான் நெட் ஓடுகிற அளவுக்குப் போனில் சிக்னல் இருந்தது. அதனால்தான் நின்றுகொண்டே செய்தேன். அன்று நான் எழுதிய ஒரு வரியை நம்பி ஒரு குடும்பம் விடிய விடிய மழையில் காத்துக்கொண்டிருந்தது. இதை இதுவரை நான் இரண்டு மூன்று பேரிடம்தான் முழுசாகச் சொல்லியிருக்கிறேன்.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நடந்தது புரியும். நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். கல்யாணமாகி காலடிப்பேட்டைக்கு வந்த பிறகு, கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே இணையதளங்கள் செய்து கொடுக்க ஆரம்பித்தேன். எல்லாம் சின்னச் சின்ன இடங்கள்தான். துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ட் ஒருவர், ஓர் இரும்புக் கடை, ஒரு கல்யாண மண்டபம், ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா. ஐந்து பக்கம், பத்து பக்கம், பெயரும் போன் நம்பரும் கேட்கிற ஒரு படிவம். இவ்வளவுதான் அவர்களுக்குத் தேவை.

இணையதளம் செய்கிறவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுவதில்லை. அடிப்படை வேலையை முடித்துத் தரும் ஃபிரேம்வொர்க் என்று ஒன்று இருக்கும், அதன் மேல் நம் வேலையைச் செய்வோம். பெரிய ஃபிரேம்வொர்க்குகளில் எல்லாமே கூட வரும். தகவலைச் சேமிக்க ஓர் இடம், நிர்வாகத்துக்கு ஒரு பக்கம், பாதுகாப்பு, பூட்டு, சாவி என்று எல்லாம். சின்ன ஃபிரேம்வொர்க்கில் அப்படி எதுவும் வராது. யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டால் எடுத்துக் கொடுக்கும். மற்றதெல்லாம் நம் பொறுப்பு. நான் சின்னதின் பக்தை. பழைய ஆபீஸ் தோழர்கள் பெரியதைப் பற்றிப் பேசும்போது, இருபது வரியில் ஒரு சைட் ஓட்டிக் காட்டுகிறேன் பார் என்று வம்புக்கு நிற்பேன். அந்தக் கர்வம் எனக்கு நிறைய இருந்தது.

அந்த வாரம் மழை மூன்று நாளாக விடவில்லை. என் கணவர் துறைமுகத்தில் ஷிஃப்டுக்குப் போனவர் திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், மாடி வீடு என்பதால் எனக்குக் கஷ்டம் ஒன்றுமில்லை. மணலிப் பக்கம் சடையங்குப்பத்தில்தான் நிலைமை மோசம். தாழ்வான இடம். ஆற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்து, ஓட்டு வீடுகளில் ஜன்னல் வரைக்கும் ஏறிவிட்டது என்றார்கள்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். வெள்ளம் வந்தால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு அவரே இறங்கிவிடுவார். அன்றைக்கும் நெட்டுக்குப்பத்து மீனவர்களிடம் பேசி மூன்று ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டிருந்தார். ஆட்களைக் கொண்டுவந்து தங்கவைக்க ஒரு மண்டபமும் பிடித்துவிட்டார். காலை ஏழு மணி இருக்கும், எனக்கு போன் செய்தார்.

“தங்கச்சி, போன காதுலேர்ந்து எடுக்க முடியல. ஒரே அட்ரஸ பத்து பேரு அனுப்பறான். ஏற்கெனவே போன வூட்டுக்கே படகு மறுபடி போயிட்டு வருது. கம்ப்யூட்டர்ல எதுனா பண்ண முடியுமா?”

இரண்டு மணி நேரம் கொடுங்கள் என்றேன்.

உண்மையிலேயே இரண்டு மணி நேரத்தில் முடித்தேன். ஒரு பக்கத்தில் படிவம். பெயர், இடம், எத்தனை பேர், உடம்பு முடியாதவர்கள் உண்டா என்று நாலு கேள்வி. கீழே மண்டபத்து போன் நம்பர். இன்னொரு பக்கத்தில் அண்ணனுக்கு மட்டும் தெரியும் பட்டியல். ஆட்களைக் கூட்டி வந்ததும் அவர் ‘முடிந்தது’ என்று ஒரு பட்டனை அழுத்தினால் அந்தப் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். படம் இல்லை, அலங்காரம் இல்லை. பழைய போனில், அரை சிக்னலில்கூடச் சட்டென்று திறந்தது. வேறு பெரிய அமைப்புகள் அன்று விட்டிருந்த தளங்கள் பாதியில் சுற்றிக்கொண்டே நின்றபோது என்னுடையது ஓடியது. அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வேண்டியதில்லை.

வருகிற பதிவுகளை எங்கே சேமிப்பது என்பதில்தான் நான் வழுக்கினேன். முறையாகச் செய்வதென்றால் ஒரு டேட்டாபேஸை இணைத்திருக்க வேண்டும். அதற்கான பக்கம் என் நெட்டில் பாதி திறந்து நின்றுவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அண்ணன் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். அதனால் இப்போதைக்கு இருக்கட்டும் என்று, புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்வரை மட்டும் அதன் ஞாபகத்தில் நிற்கிற மாதிரி ஒரு பட்டியல் வைத்தேன். புரோகிராம் நின்று மறுபடி தொடங்கினால் அந்தப் பட்டியல் துடைத்த பலகை மாதிரி ஆகிவிடும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. இந்தத் தொழிலில் முதல் மாதம் இருப்பவர்களுக்கே தெரியும். ‘இதை மாற்ற வேண்டும்’ என்று அந்த இடத்துக்கு மேலேயே எனக்கு நானே குறிப்பும் எழுதி வைத்தேன்.

சைட்டை வைத்திருந்தது ஓர் இலவச இடத்தில். கொஞ்ச நேரம் யாரும் திறக்கவில்லை என்றால் அது புரோகிராமை நிறுத்திவிடும். அடுத்து ஒருவர் திறக்கும்போது புதுசாகத் தொடங்கும். அதுவும் தெரியும். ஆனால் இந்த வெள்ளத்தில் ஒரு நிமிடமாவது யாரும் திறக்காமல் இருப்பார்களா என்று நினைத்தேன்.

கடைசியில், பதிந்தவர்களுக்குக் காட்ட ஒரு வரி வேண்டும். முதலில் ‘பதிவு ஆனது’ என்று மட்டும்தான் எழுதினேன். படித்துப் பார்த்தால் வறட்சியாக இருந்தது. தண்ணீரில் நிற்கிற மனிதர்களுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை வேண்டாமா? தவிர, சிலர் பயத்தில் தாங்களே தண்ணீரில் இறங்கி நடந்து, மூடியில்லாத கால்வாயில் விழுந்துவிட்டதாக அண்ணன் சொல்லியிருந்தார். அதனால் அதை அழித்துவிட்டு இப்படி எழுதினேன். ‘உங்கள் பதிவு எண் இது. படகு வரும். பயப்படாமல் இருக்கும் இடத்திலேயே இருங்கள்.’

நல்ல எண்ணத்தில் எழுதியதுதான்.

பத்து மணியிலிருந்து பதிவுகள் வர ஆரம்பித்தன. அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்துப் படகு அனுப்பினார். ஒரே வீட்டுக்கு இரண்டு முறை போவது நின்றது. கைக்குழந்தையோடு இருந்த ஒரு வீடு, படுத்த படுக்கையான ஒரு பெரியவர், இப்படி முக்கியமானவர்களை முதலில் எடுக்க முடிந்தது. மதியம் அண்ணன் போன் செய்து, சூப்பரா வேலை செய்யுது தங்கச்சி, நீ இன்னிக்கு எத்தினி பேரைக் காப்பாத்தியிருக்கே தெரியுமா என்றார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்று மழையைப் பார்த்தேன். பெரிதாக ஏதோ சாதித்துவிட்ட மாதிரி இருந்தது. டேட்டாபேஸை அப்போது இணைத்திருக்கலாம். நேரம் இருந்தது. சாப்பிட்டுவிட்டு, இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காததால் கொஞ்சம் கண்ணை மூடினேன்.

மூன்று மணி வாக்கில் எங்கள் பக்கம் முழுக்க போன் டவர் படுத்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் எதுவும் இல்லை. நாலரைக்கு மேல் திரும்பி வந்தது. ஐந்து மணிக்கு அண்ணன் கூப்பிட்டார். லிஸ்டில் ஆறு பேர்தான் தெரிகிறார்கள், மதியம் நிறைய இருந்த மாதிரி ஞாபகம், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.

எல்லாத் தப்பையும் அந்த ஒரு நிமிடத்தில் திருத்தியிருக்கலாம். லேப்டாப்பைத் திறந்து ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். நான் படுக்கையிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. நீங்கள் கூட்டி வந்தவர்களுக்கு ‘முடிந்தது’ அழுத்தியிருப்பீர்கள் அண்ணே, அவர்கள் போக மீதி ஆறு பேர், என்றேன். மண்டபத்தில் இருக்கிற பையன்கள் யாராவது அழுத்தியிருக்கலாம் என்றும் சொன்னேன். என் பேச்சில் ஒரு சலிப்புகூட இருந்திருக்கும். அவர், சரி, உனக்குத் தெரியாததா என்று வைத்துவிட்டார். அந்த ஆறு பேரையும் இருட்டுவதற்குள் கூட்டிக்கொண்டு வந்து, பட்டியல் முடிந்தது என்று படகுகளைக் கரையேற்றிவிட்டார்கள்.

மறுநாள் காலை அண்ணனே வீட்டுக்கு வந்துவிட்டார். தண்ணீரில் நடந்து வந்திருந்தார், சட்டை இடுப்புவரை நனைந்திருந்தது. சடையங்குப்பத்திலிருந்து ஒரு பெண் ராத்திரியெல்லாம் முயற்சி செய்து, இப்போதுதான் லைன் கிடைத்துப் பேசினாளாம். நேற்று மத்தியானமே பதிந்துவிட்டோம், எண் இருபத்து மூன்று, படகு எப்போது வரும் என்று கேட்டாளாம். “அந்த நம்பரே லிஸ்ட்ல இல்லமா,” என்றார்.

நான் பட்டியலைத் திறந்தேன். வெறும் தலைப்பு மட்டும் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

நடந்தது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. டவர் போன நேரத்தில் யாரும் திறக்காமல் புரோகிராம் நின்று போயிருக்கிறது. அதற்கு முன் வந்து, இன்னும் படகு போகாமல் இருந்த எல்லாப் பெயர்களும் அதோடு போய்விட்டன. ஐந்து மணிக்கு அண்ணன் பார்த்த ஆறு பேரும் டவர் வந்த பிறகு புதிதாகப் பதிந்தவர்கள். ராத்திரி அது மறுபடியும் நின்று, அதிலும் யாராவது பதிந்திருந்தால் அவர்களும் போயிருப்பார்கள். எத்தனை பேர், யார், எங்கே, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

இன்னாமா ஆச்சு என்று அண்ணன் கேட்டார். “சர்வர்ல பிரச்சனை அண்ணே,” என்றேன்.

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தானாக வந்தது. எங்கள் தொழிலில் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. அவர் அதை அப்படியே நம்பினார். சர்வர் என்றால் எங்கோ தூரத்தில் இருக்கிற ஒரு மெஷின், அது கெட்டுப்போனால் யார் என்ன செய்ய முடியும் என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார்.

நேற்றுப் பதிந்து எண் வாங்கியவர்கள் உடனே மறுபடி அழைக்கவும் என்று எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினோம். படகுகள் மறுபடி இறங்கின. தெருத் தெருவாகப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார்கள். விடுபட்டவர்களில் பெரும்பாலோர் வேறு படகில் ஏறியோ, தீயணைப்புக்காரர்கள் வந்தோ, எப்படியோ கரை சேர்ந்திருந்தார்கள். இருபத்து மூன்றாம் எண் குடும்பம் மட்டும் அங்கேயே இருந்தது. கணவன் மனைவி இருவர். பாதி கட்டி நின்றுபோன பக்கத்து வீட்டின் முதல் மாடியில், ஒரு தார்ப்பாய்க்கு அடியில். அந்த மனிதருக்கு நினைவு சரியாக இல்லை, உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது என்று படகிலிருந்தே போன் வந்தது.

அவர் மணலியில் ஒரு பட்டறையில் வெல்டர். சர்க்கரை வியாதிக்காரர். வெள்ளத்துக்கு முந்தின நாள் பட்டறையில் காலில் தகடு வெட்டியிருக்கிறது. அந்தக் காயத்தோடு வீட்டுக்குள் புகுந்த சாக்கடைத் தண்ணீரில் நின்று சாமான்களை மேலே ஏற்றியிருக்கிறார். படிவத்தில் ‘உடம்பு முடியாதவர்கள் உண்டா’ என்ற கேள்விக்கு அவர் மனைவி இதையெல்லாம் எழுதியிருந்தாராம். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள், முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஒருநாள் முன்னால் வந்திருந்தால் கால் பிழைத்திருக்குமா என்று அண்ணன் டாக்டரிடம் கேட்டாராம். சொல்ல முடியாது, பிழைத்திருந்தாலும் பிழைத்திருக்கலாம் என்றாராம் டாக்டர். அந்தப் பதிலை நான் பல வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் என்னை விடுவதில்லை.

மழை நின்று இரண்டு வாரம் கழித்து, அண்ணனோடு நானும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாயும் போர்வையும் ஒரு ஸ்டவ்வும் கொண்டுபோனோம். சுவரில் என் தோள் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு. அந்த அக்கா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். தையல் மெஷின் துருப்பிடித்து வாசலில் கிடந்தது. அவர் கணவர் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

இந்தப் பொண்ணுதான் அந்த சைட்டு போட்டுச்சு என்று அண்ணன் என்னைக் காட்டினார். அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நீதானா கண்ணு அது? நல்லா இருப்ப,” என்றார். போனை எடுத்து, அன்று எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினார். எண் இருபத்து மூன்று. கீழே என் வரி. அதைப் பார்த்துத்தான் ராத்திரியெல்லாம் தைரியமாக இருந்தோம் என்றார்.

பிறகு, தானாகவே ஒன்று சொன்னார். அன்று சாயங்காலம் இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு படகு அந்தப் பக்கம் வந்திருக்கிறது. எதிர் வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, அவள் குடும்பம் நாலு பேர். படகில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது, ஏறுகிறீர்களா என்று படகுக்காரர் இவர்களைக் கேட்டிருக்கிறார். அப்போது பின் வீட்டிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்களிடம் போன் கிடையாது. எதிலும் பதிந்திருக்கவில்லை. அக்கா, எங்களுக்குப் பதிந்தாகிவிட்டது, தனியாகப் படகு வரும், அவர்களை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டிருக்கிறார்.

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் தெரியவில்லை. இரண்டு பேருக்கு நல்லது செய்த திருப்திதான் இருந்தது. கட்டிலில் படுத்திருந்தவர் மட்டும் போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டார். வலி என்று நினைத்தேன்.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் பக்கத்தில் இருக்கிறார், அந்த மனிதர் இப்போதுதான் காலை இழந்து வந்திருக்கிறார், இந்த நேரத்தில் எதற்கு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். எல்லாமே நல்ல காரணங்கள். வீட்டுக்கு வந்து கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

அப்படியே ஐந்து வாரம் ஓடிவிட்டது. பொங்கல் முடிந்த சமயம், சின்ன ஃபிரேம்வொர்க்குகளைப் பற்றிப் பேசுவதற்காக ஒரு கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார்கள். இணையதளம் செய்கிறவர்கள் ஐம்பது அறுபது பேர் வருவார்கள். வெள்ளத்தில் இரண்டு மணி நேரத்தில் சைட் போட்ட கதையை நீங்கள் வந்து சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். நான் ஒப்புக்கொண்டேன். அதுதான் இன்று நினைத்தாலும் கூசுகிறது. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, திரையில் காட்டப் பக்கங்கள்கூடத் தயார் செய்தேன். எவ்வளவு சின்ன புரோகிராம், எவ்வளவு வேகம் என்றெல்லாம் எழுதிவிட்டு, ‘மொத்தம் வந்த பதிவுகள்’ என்று தலைப்புப் போட்டேன். அதற்குப் பக்கத்தில் எழுத என்னிடம் எண் இல்லை. எத்தனை பேர் என்னை நம்பிப் பெயர் கொடுத்தார்கள் என்பதே எனக்குத் தெரியாது.

கூட்டத்துக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை தனியாகச் சடையங்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா வாசலில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த பழைய மெஷினில் தைத்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில். கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூல் மேல் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்து உள்ளே கூட்டிப்போனார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

சர்வர் கெட்டுப்போனது என்று சொன்னது பொய் என்றேன். உங்கள் பெயரை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, வைத்திருக்க வேண்டும், சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டேன் என்றேன். சாயங்காலம் அண்ணன் சந்தேகப்பட்டுக் கேட்டபோதுகூட எழுந்து பார்க்கவில்லை என்றேன். படகு வரும் என்று எழுதியது நான்தான், ஆனால் அதை அனுப்பச் சொல்லி யாருக்கும் தகவலே போகவில்லை என்றேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அக்காவுக்குப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“அப்போ இருபத்து மூணுன்னு வந்துச்சே. அது இன்னா நம்பரு?”

உங்களுக்கு முன்னால் இருபத்து இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், அதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை அக்கா என்றேன்.

“லைன்ல நிக்கறோம்னு நெனச்சேன்,” என்றார்.

அப்போதுதான் அவர் கணவர் பேசினார். என்னைப் பார்த்துத்தான் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

“அந்தப் படகு வந்தப்போ நான் ஏறலாம்னுதான் சொன்னேன். காலு நோவு தாங்கல எனக்கு. இவதான் பதிஞ்சாச்சு, நமக்குத் தனியா வரும், அவங்கள அனுப்புன்னா. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்ச நாள்லேர்ந்து இவளத்தான் பேசிகினு கீறேன். என் காலு போனதே உன்னாலதான்னு. சோறு குடுத்தா தட்ட தள்ளிருக்கேன்.”

கடைசியாக, “நீ அன்னிக்கே சொல்லிருந்தா நான் இவள அப்பிடி பேசிருக்க மாட்டேன்மா,” என்றார்.

நான் என்ன எதிர்பார்த்துப் போனேன் என்று யோசித்திருக்கிறேன். திட்டுவார்கள், அடிக்கக்கூடச் செய்வார்கள், அல்லது பெரிய மனசோடு போகட்டும் விடு என்பார்கள். எதற்கும் தயாராகத்தான் போனேன். ஆனால் நான் வாயைத் திறக்காமல் இருந்த ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுக்குள் இன்னொரு பெண் என் தப்புக்குப் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. போன தடவை அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டது வலியால் இல்லை.

அக்கா அழவில்லை. துணியை மடித்து மெஷின் மேல் வைத்தார். “பயந்துட்ட, அதான் சொல்லல. புரியுது,” என்றார். பிறகு, “ஆனா நானும் தெனம் நெனப்பேன் கண்ணு. இவரு சொன்னப்பவே ஏறிருக்கலாமேன்னு. துணி தைக்கும்போது, தண்ணி புடிக்கும்போது, எப்பவும் அதே நெனப்பு. நான் பண்ணதுதான்னு நெனச்சிகினு இருந்தேன்,” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட சத்தம் எனக்கே சின்னதாக இருந்தது. அக்கா பஸ் ஸ்டாப்வரை கூட வந்தார். பஸ் வந்ததும் ஏறு என்று முதுகில் கை வைத்தார், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே அண்ணனிடமும் சொன்னேன். அதற்கப்புறம் இரண்டு மாதம், தெருவில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அடுத்த மழைக்கு அவரே வந்து, அந்த சைட்டை மறுபடி போட முடியுமா, இந்தத் தடவை ஒழுங்காக என்று கேட்டார். போட்டேன். அதே சின்ன ஃபிரேம்வொர்க்தான். அதன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. கேட்டதைச் செய்தது, கேட்காததை என்னிடம் விட்டது. அப்படித்தான் செய்யும் என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும்.

இந்தத் தடவை ஒவ்வொரு பதிவும் இரண்டு இடத்தில் சேமிப்பாகிறது. மணிக்கொரு முறை மண்டபத்தில் ஒருவர் அதைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார். வெளியிடும் முன்னால் நானே பத்து முறை அதை நிறுத்தி, மறுபடி ஓட்டி, பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்தேன். பதிந்தவர்களுக்குக் காட்டுகிற வரியையும் மாற்றிவிட்டேன். ‘உங்கள் விவரம் கிடைத்தது. வேறு எந்தப் படகு முதலில் வந்தாலும் அதில் ஏறிவிடுங்கள்.’

அக்கா இப்போதும் என்னோடு பேசுகிறார். என் ஜாக்கெட்டுகளை அவர்தான் தைக்கிறார். அவர் கணவர் செயற்கைக் காலோடு பட்டறைக்குப் போகிறார். உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்களாம். நான் போனால் அவர் எழுந்து உள்ளே போய்விடுவார். அதில் எனக்கு வருத்தப்பட உரிமை இல்லை.

அந்தக் காலைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்பது டாக்டருக்கே தெரியாத விஷயம், எனக்கும் கடைசிவரை தெரியப்போவதில்லை. ஆனால் ஐந்து வாரம் ஒரு மனைவி கேட்ட பேச்சை ஒரு பஸ் டிக்கெட்டில் நிறுத்தியிருக்க முடியும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் இன்றும் என் கையால் ஒரு தப்பு நடந்தால் யாரும் கேட்கும் முன்னால் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன், அப்போதும் அந்த அக்காவின் முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது.